குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறவன்

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக ஒரு பழைய பேப்பர் கடை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகள் கழித்துப்போடும் அட்டைப்பெட்டிகள்தான் அங்கே பெரிய சரக்கு. மூட்டைகளுக்கு நடுவில் சில சமயம் புத்தகங்களும் கிடக்கும். வேலையாக வந்து, காலம் முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டுக் குடும்பங்கள் போட்டுவிட்டுப் போகிறவை. போன வருஷம் அப்படி ஒரு புத்தகத்தை எடைக்கு வாங்கினேன். ஸ்டீவன்சனின் 'டிரெஷர் ஐலண்ட்'. கதைக்காக வாங்கவில்லை, படங்களுக்காக வாங்கினேன். 1911இல் நியூயார்க்கின் ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்துக்காக என்.சி. வையத் என்ற ஓவியர் தீட்டிய வண்ணப்படங்கள். பின்னால் வந்த மறுபதிப்புதான். ஆனால் படங்கள் கிழியாமல் இருந்தன.

ஒரு படத்தில் கண் தெரியாத கிழவன் பியூ, நிலா வெளிச்சத்தில் தடியால் தரையைத் துழாவிக்கொண்டு வருகிறான். இன்னொன்றில் ஜிம் என்கிற பையன் கையில் மூட்டையோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். பின்னால் அவன் அம்மா அழுதுகொண்டு நிற்கிறாள். சின்னப் புத்தகத்தின் பக்கத்துக்காக வையத் ஏறக்குறைய நாலடி உயரக் கித்தானில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அந்தப் பெரிய உருவங்களின் கனம் பக்கத்தில் சுருங்கிய பிறகும் போகவில்லை. நல்ல கலைஞர். அதில் சந்தேகம் இல்லை.

வையத்தின் ஆசான் ஹோவர்ட் பைல். அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முக்கியமான பாடம் ஒன்றுதான்: வெளியே நின்று வரையாதே, படத்துக்குள்ளே குதித்துவிடு, அங்கே நிற்கிறவனாக மாறி வரை. வரைகிறவன் குதித்தால் பார்க்கிறவனும் கூடவே குதிப்பான். சாகசப் படங்களின் வெற்றி ரகசியம் இதுதான்.

எனக்கு இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி. நாம் குதித்தால் எங்கே போய் விழுகிறோம்?

1980களின் தொடக்கத்தில் எங்க நைனா ஒரு பழைய பேப்பர் கடையில் மூட்டை கட்டும் வேலை பார்த்தார். ஒருநாள் தடியாக ஒரு பைண்டு புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வ'னை யாரோ ஒரு வீட்டில் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தது. முதல் பக்கங்கள் கொஞ்சம் கரையான் அரித்திருந்தன. நைனாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். "எவனோ எடைக்குப் போட்டுட்டான்டா. பொம்மை நல்லா கீது. பாரு" என்றார்.

பார்த்தேன். மண்ணெண்ணெய் விளக்கில் பார்த்தேன். படிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே பார்த்து முடித்துவிட்டேன். மணியத்தின் படங்கள். எங்கள் சேரிக்குள் குதிரை வந்ததில்லை. குதிரையை நான் முதலில் பார்த்தது மணியத்தின் கோடுகளில்தான். பிடரி, மூக்குத் துவாரம், தூக்கிய முன்னங்கால் எல்லாம். மேலே வந்தியத்தேவன். நானும் ஏறிக்கொண்டேன். பத்து வயசுப் பையனுக்கு ஏறிக்கொள்ள யார் அனுமதி வேணும்? கொஞ்ச நாள் நான் வந்தியத்தேவனாகத்தான் இருந்தேன்.

என்னை இறக்கிவிட்டது பள்ளிக்கூடம். ஆண்டு விழாவுக்கு அந்தக் கதையிலிருந்து ஒரு காட்சியை நாடகமாகப் போட்டார்கள். முழுக்கதையும் தெரிந்த பையன் நான் ஒருத்தன்தான். வந்தியத்தேவன் வேஷம் கேட்டேன். வாத்தியார் என்னை மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "நீ ரவிதாசன் பண்ணுடா. உனக்கு மை செலவு மிச்சம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் சிரித்ததை அல்ல, நான் சிரித்ததை.

ரவிதாசன் யார்? கதையில் மந்திரவாதி. ஆந்தை மாதிரிக் குரல் கொடுப்பான், நடுக்காட்டில் சதிக்கூட்டம் கூட்டுவான், ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சபதம் எடுத்தவன். ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறவர்களில் இந்த ரவிதாசனும் ஒருத்தன். அங்கே அவன் மந்திரவாதி இல்லை. 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்' என்று பட்டம் பெற்ற பிராமண அதிகாரி. அவன் கூட்டாளி பரமேசுவரன் 'இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்'. இவர்கள், இவர்களுடைய உறவினர்கள் சொத்துகளைப் பறிமுதல் செய்வது பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன ஆணை அது. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்து நிற்கிறானே வீரநாராயண ஏரிக்கரை, அதே ஊர்.

கல்கி நாவலாசிரியர், மாற்ற அவருக்கு உரிமை உண்டு என்று நண்பர்கள் சொல்லலாம். உண்டு. நான் கேட்பது வேறு. கல்வெட்டில் பட்டத்தோடும் நிலத்தோடும் அரண்மனைக்குள் உட்கார்ந்திருக்கிறவனைக் கதை காட்டுக்கும் சுடுகாட்டுக்கும் ஏன் துரத்துகிறது? கொலை, சூது, மாந்திரீகம் என்றதும் வாசகனின் கண் எந்தத் திசையில் போய்த் தேடுமோ அந்தத் திசையில் அவனைக் கொண்டுபோய் வைத்தால்தான் சுவை. எங்கள் வாத்தியார் கல்கியைத் தப்பாகப் படித்தவர் இல்லை. சரியாகத்தான் படித்திருக்கிறார். அந்த முகத்துக்கு யாரை நிறுத்தணும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 'பொதுப்புத்தி' என்று நாம் சொல்வது இதைத்தான்.

மணியம் மீது எனக்குக் கோபம் இல்லை. 1950 முதல் 1954 வரை, 293 அத்தியாயங்கள் வந்த தொடர். வாரம் தவறாமல் படம் கொடுப்பது சாதாரண உழைப்பு இல்லை. கல்கி அவரைச் சோழநாட்டு ஊர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கோயில் சிற்பங்களில் பார்த்த கொண்டையும் நகையும் அவர் கோட்டில் உயிரோடு வந்தன. இன்று சோழன் என்று சொன்னால் தமிழன் மனசில் எழும் உருவம் பெருமளவு மணியம் போட்டது. அந்தக் கதை 2022, 2023இல் சினிமாவாக வந்தபோது எங்க தெருப் பெரியவர்கள் சிலர் "மணியம் படத்துல இருந்த மாதிரி இல்லையே" என்றுதான் குறைபட்டார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். தலையில் துணி, இடுப்பில் கச்சை என்று கடற்கொள்ளைக்காரனுக்கு இன்றைக்கு உலகம் போடும் வேஷத்தில் பாதி ஹோவர்ட் பைலின் கற்பனை. ஹாலிவுட் அதை எடுத்துக்கொண்டது. கற்பனை வரலாறாகிவிட்டது.

படத்துக்கு இவ்வளவு பலம் இருப்பதால்தான் அதில் யார் இல்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. பொன்னியின் செல்வன் என்று கொண்டாடப்படும் அதே ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஊர்நிலக் கணக்கு வருகிறது. இறையிலியாகக் கழிக்கும் இடங்களின் பட்டியலில் 'பறைச்சேரி' இருக்கிறது. 'தீண்டாச்சேரி' என்றும் இருக்கிறது. கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆயிரம் வருஷத்துக் கல் மறைக்காததை அரை நூற்றாண்டுத் தாள் மறைத்திருக்கிறது. குதிரை எத்தனையோ ஊர்களைக் கடக்கிறது. எந்த ஊரிலும் சேரி இல்லை.

இருக்கிறவர்களும் எப்படி இருக்கிறார்கள்? பல்லக்குத் தூக்கிகள், தீவட்டிக்காரர்கள், குதிரையைப் பிடித்துக்கொள்கிறவன். வந்தியத்தேவன் தஞ்சாவூர்ப் பாதையில் பல்லக்குக்குள் இருப்பது யாரென்று பார்க்க ஆசைப்படுகிறான். குதிரையைப் பல்லக்கின் மேலே விட்டுவிட்டு, தூக்கிகள்தான் பல்லக்கால் தன் குதிரையை இடித்தார்கள் என்று கூச்சல் போடுகிறான். ரசிக்கும்படியான குறும்பு. சின்ன வயசில் நானும் ரசித்தேன். பல்லக்கு ஆடினால் தோள் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் நான் குதிரை மேல் இருந்தேன். என் தாத்தா கீழே இருந்தார்.

தாழ்ந்த நிலையில் இருக்கிறவர்கள் சாகசம் செய்யவே இல்லையா என்றால், செய்கிறார்கள். கோடிக்கரைப் பூங்குழலி படகோட்டுகிறாள். புயலும் இருட்டும் அவளுக்குப் பழக்கம். அந்த நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த உயிர் அவள். அவளைக் கட்டிக்கொள்ளும் சேந்தன் அமுதன் பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கிறவன். கடைசியில் என்ன ஆகிறது? சேந்தன் அமுதன்தான் சோழ ராஜகுமாரன் என்று பிறப்பு ரகசியம் வெளிப்படுகிறது. பூக்கட்டுகிறவன் பூக்கட்டுகிறவனாகவே சிம்மாசனத்தில் ஏற முடியாது. ரத்தம் சாட்சி சொல்லணும்.

இது தமிழ்ப் பத்திரிகையின் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. 1912இல் அமெரிக்காவில் ஒரு மலிவுவிலைக் கதைப்பத்திரிகையில் டார்ஜான் பிறந்தான். அட்டையிலேயே படம், சிங்கத்தோடு சண்டை. குரங்குகள் வளர்த்தவன், காட்டுக்கே ராஜா. ஆனால் பிறப்பில் அவன் இங்கிலாந்துப் பிரபுவின் மகன். காட்டிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பர்களில் ஒருத்தன் காட்டுக்கு ராஜாவாக முடியாதாம். ராபின்சன் குரூசோவுக்கு வருவோம். 1719இல் டீஃபோ எழுதியது, 1920இல் வையத் அதற்கும் படம் போட்டார். உயிர் தப்பிய ஃப்ரைடே மண்டியிட்டு, குரூசோவின் காலை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். ஓவியர்கள் விடாமல் வரைந்த காட்சி இது. அவன் நிறம் முழுக்கறுப்பு இல்லை, மூக்கு சப்பை இல்லை என்று டீஃபோ கவனமாகச் சொல்லிவைக்கிறார். காலடியில் கிடக்கிறவனாக இருந்தாலும் வாசகன் நேசிக்க வேண்டியவன் என்றால் கொஞ்சம் வெளுக்க வேண்டியிருக்கிறது. இங்கேயும் அங்கேயும் சாயம் ஒன்றுதான்.

அப்படியானால் நம்மிடம் குதிரை மேல் உட்கார்ந்தவன் யாரும் இல்லையா?

எங்க ஊர் எல்லையில் இருக்கிறான். மதுரை வீரன். சுதை உருவம். எடுத்த வாள், முறுக்கிய மீசை, பிதுங்கிய கண், குதிரை. இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயின்ட் அடிப்பார்கள். அடிக்கிறவர் பெயரை எந்த ஓவிய வரலாறும் எழுதியதில்லை. மணியத்துக்கு முன்னாலேயே நான் பார்த்த சாகச ஓவியம் அதுதான். ஆனால் அதை ஓவியம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 'சாமி' என்றார்கள், கும்பிட்டேன். அந்தச் சுதைக்குதிரையை நான் குதிரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

வீரன் கதையைப் பாருங்கள். சக்கிலியர் வீட்டில் சின்னானும் செல்லியும் வளர்த்த பிள்ளை. பாளையக்காரன் மகள் பொம்மியை விரும்பி அழைத்துக்கொண்டு போகிறான். கள்ளரை அடக்கி மதுரைக்குக் காவல் நிற்கிறான். அரண்மனை சம்பந்தப்பட்ட வெள்ளையம்மாளை விரும்பியதற்கு மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். ஜிம் புதையலோடு வீடு திரும்புகிறான். நம் வீரன் திரும்புவதில்லை. வெட்டுப்பட்டுத் தெய்வமாகிறான். நம்முடைய சாகசக் கதையின் முடிவு இது. காத்தவராயனுக்குக் கழுமரம்.

வெட்டியது போதாது என்று அவனுக்கும் பிறப்பு ரகசியம் எழுதினார்கள். அச்சில் வந்த கதைப்பாடலில் அவன் காசி ராஜாவின் மகன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் அவன் ராஜா வீட்டுப் பிள்ளைதான். இது பின்னால் ஒட்டவைத்த கதை, அவன் பிறந்ததே எங்கள் குலத்தில்தான் என்று அருந்ததியர் தரப்பில் எழுதியும் பேசியும் வருகிறார்கள். நான் அவர்கள் பக்கம். டார்ஜானுக்குப் பிரபு ரத்தம், சேந்தன் அமுதனுக்குச் சோழ ரத்தம், மதுரை வீரனுக்குக் காசி ரத்தம். மூன்று தேசத்து ஜாதகத்தையும் ஒரே கை எழுதியிருக்கிறது.

வையத்தின் ஜிம் வீட்டை விட்டுக் கிளம்பும் படத்துக்குத் திரும்ப வருகிறேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொரு கிளம்புதல் ஞாபகம் வந்தது. 1901. பீமராவ் என்கிற ஒன்பது பத்து வயசுப் பையன், அண்ணன் உட்பட உறவுப் பிள்ளைகளோடு சதாராவிலிருந்து ரயில் ஏறுகிறான். கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். புதுச்சட்டை, ஜிகினாத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதுச்செருப்பு. மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறுகிறது. எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் ஒட்டாமல் கூட நடந்து வருகிறான். ராத்திரி. கட்டுச்சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. கேட்ட இடத்தில் கொடுக்க ஆள் இல்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் அம்பேத்கர் இதை எழுதியிருக்கிறார்.

இது சாகசக் கதை இல்லையா? அன்னிய நிலம், இருட்டு, நம்ப முடியாத வழித்துணை, உயிர்ப்பயம் எல்லாம் இருக்கிறது. கொள்ளைக்காரன் மட்டும் இல்லை. எல்லாரும் நல்லவர்கள், சாதாரண ஜனங்கள். அதுதான் பயங்கரம். வையத் மாதிரி ஓவியன் இதை வரைந்திருந்தால் வில்லன் என்று யாரைப் போடுவான்? தண்ணீர்ப் பானையை வரைந்தால் போதும்.

1979இல் அமர் சித்திரக் கதையில் அம்பேத்கர் வரலாறு படக்கதையாக வந்தது. அரசர்கள், புராண நாயகர்களுக்குப் போட்ட அதே கட்டங்களுக்குள் அவரையும் உட்காரவைத்தார்கள். வந்தது நல்லதுதான். ஆனால் கட்டத்தையே உடைத்தது 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்'. தமிழிலும் வந்திருக்கிறது. பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்தது. மனுஷங்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம், அவர்களுக்கு மூச்சுவிட இடம் வேணும் என்று அவர்கள் கட்டமே போடவில்லை. அன்பான பேச்சு பறவை வடிவத்தில் வருகிறது. சாதிப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு வைத்திருக்கிறார்கள். அதில் பார்க்கிறவன் எந்தப் பக்கமிருந்து குதித்தாலும் தாகம் எடுத்தவன் பக்கத்தில்தான் விழுவான். பைல் சொன்ன பாடத்தை பைலுக்கே தெரியாத இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

போன மாசம் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, ஒப்பந்தக் கூலி. இரண்டு புத்தகங்களையும் காட்டினேன். மணியத்தின் குதிரையை ரொம்ப நேரம் பார்த்தாள். "சித்தப்பா, சூப்பரா கீது. இந்தக் குதிரைய யாரு தேய்ச்சிக் குளிப்பாட்டுவாங்க?" என்று கேட்டாள். காரை முழுக்கப் பூட்டி, துடைத்து, பளபளவென்று வெளியே அனுப்புகிற லைனில் நிற்கிறவள் அவள். நாற்பது வருஷமாக எனக்குத் தோன்றாத கேள்வி அவளுக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றிவிட்டது. அவள் குதிரை மேல் ஏறவே இல்லை.

வரைகிற தோழர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. 'டிரெஷர் ஐலண்ட்' படங்களுக்குக் கிடைத்த பணத்தில் வையத் சாட்ஸ் ஃபோர்டு என்ற ஊரில் 18 ஏக்கர் நிலம் வாங்கி வீடு கட்டினார். புதையல் கதைக்குப் படம் போட்டவனுக்கு நிலம் கிடைத்தது. எங்கள் செங்கல்பட்டிலும் ஒரு புதையல் கதை உண்டு. 1891இல் இந்த மாவட்டக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அதன் வேர் இங்கே. அது எப்படிக் கைமாறியது, யார் பேரில் பட்டா ஏறியது என்று பதிவேட்டையும் நிலவரை படத்தையும் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கையில் வரைபடம், தேடுகிற நிலம், வழிமறிக்கிற ஆட்கள். சாகசக் கதைக்கு இன்னும் என்ன வேணும்?

1994இல் காரணையில் மக்கள் அந்த நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரிழந்தார்கள். அவர்களும் வீடு திரும்பவில்லை.

அந்தப் படத்தை யாராவது போடுங்கள். நாலடி உயரத்தில், வையத் மாதிரி கனமாக, மணியம் மாதிரி ஓட்டமாகப் போடுங்கள். குதிரை வேணும் என்றால் குதிரையும் வரையுங்கள். ஆனால் முதலில் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். அவன் பெயரைக் கேட்டுவிட்டு வரையுங்கள். பிறப்பைக் கேட்காதீர்கள்.